சஃபீனா எழுதிய மாணவர் கருத்துகள்

சஃபீனா அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒன்பது வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்தாள். ஒன்பது வருடமும் ஒப்பந்த ஆசிரியைதான். ஒவ்வொரு ஜூன் மாதமும் புதுக் கடிதத்துக்காக அலுவலக வாசலில் நிற்க வேண்டும். மொழித்துறையில் தமிழுக்கென்று இருந்தது ஓராண்டுச் சான்றிதழ் வகுப்பு மட்டும். மாலை ஆறு மணிக்கு, வேலை முடிந்து வருபவர்களுக்காக நடந்தது. தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் இந்தியும் மராத்தியும் படித்து, தமிழ் எழுத்தைக் கண்டால் முழிக்கிறவர்கள்தான் மாணவர்கள். அந்த வருடம் வகுப்புக்கு வந்தவர்கள் பதினொரு பேர். பதிவேட்டில் இருந்தவர்கள் நாற்பது பேர்.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் தௌஃபீக். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். வயது நாற்பத்தாறு. ஏன் தமிழ் படிக்க வந்தீர்கள் என்று முதல் நாள் கேட்டபோது வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார்.

"கடையநல்லூர்ல இருந்து என் மச்சான் வாட்ஸ்அப்ல தமிழ்ல ஒரு மெசேஜ் அனுப்பிருந்தான் டீச்சர். நமக்குப் படிக்கத் தெரியாதுல்லா. ஏதோ விசேஷம்னு நெனச்சு ஹார்ட் போட்டுட்டேன். பாத்தா, அவன் வாப்பா மவுத்தாகி, அடக்கம் எப்பன்னு சொன்ன சேதி அது. இன்னைக்கு வரைக்கும் அவன் எங்கிட்ட பேசல."

யாரும் சிரிக்கவில்லை.

பிப்ரவரியில் தர மதிப்பீட்டுக் குழு வரப்போவதாக அறிவிப்பு வந்தது. ஒழுகிக்கொண்டிருந்த மொழி ஆய்வகத்தைப் பூட்டி, கதவில் 'பராமரிப்புப் பணி' என்று எழுதி ஒட்டினார்கள். படிக்கட்டு மூலையில் இருந்த பான் கறைமேல் சுண்ணாம்பு பூசினார்கள். அது காய்வதற்குள் யாரோ மறுபடி துப்பினார்கள். கழிப்பறையில் ரோஜா வாசனை அடித்துவிட்டார்கள். மூத்திர நாற்றமும் ரோஜாவும் கலந்து நடை முழுக்க அடித்தது.

துறைத்தலைவர் மகேஷ்குமார் அவளைக் கூப்பிட்டார். மாட்டுங்காவில் வளர்ந்த தமிழர், இனிக்க இனிக்கப் பேசுவார்.

"சஃபீனா மேடம், ஸ்டூடண்ட் ஃபீட்பேக் ஃபார்ம் நாப்பது வேணும். உங்ககிட்ட பதினொண்ணுதான் இருக்காமே?"

"வர்றதே பதினொரு பேருதான் சார்."

"அது எனக்குத் தெரியாதா? பாக்கி இருபத்தொம்பதை நீங்களே எழுதிடுங்கோ. தமிழ்லயே இருக்கட்டும். ஒவ்வொண்ணும் வேற பேனா, வேற கையெழுத்து. ரொம்பப் புகழ வேண்டாம், சந்தேகம் வரும்."

சிரித்துக்கொண்டே ஒரு கட்டுப் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். மேசை ஓரத்தில் அவளுடைய அடுத்த வருட ஒப்பந்தக் கோப்பு இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவேண்டிய தேவையும் இல்லை.

சஃபீனா எழுதினாள். மதியம் முழுக்கத் துறை நூலகத்தில் உட்கார்ந்து எழுதினாள். ஒன்றில் எழுத்தைச் சாய்த்தாள், இன்னொன்றில் குண்டாக்கினாள். வேண்டுமென்றே ரகரத்துக்கு றகரம் போட்டாள். 'ஆசிரியை பொறுமையாக நடத்துகிறார்' என்று தன்னைப் பற்றித் தானே எழுதியபோதுதான் கை நின்றது. அதுவரை எழுதிய இருபத்து மூன்றையும் திருப்பிப் பார்த்தாள். அத்தனை பேரும் நிஜ மனிதர்கள் போலவே இருந்தார்கள். இந்த வேலை தனக்கு இவ்வளவு லகுவாக வருகிறதே என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. எழுந்துபோய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மீதி ஆறை எழுதாமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மகேஷ்குமார் எண்ணிப் பார்த்தும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அவர் கையில் வேறொரு தாள் இருந்தது.

"இது யாரு தௌஃபீக்? என்ன எழுதி வெச்சிருக்கார் பாருங்கோ."

பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடி எழுதிய தாள். எழுத்துகள் கோட்டைவிட்டு மேலும் கீழும் போயிருந்தன. 'புத்தகம் வரவில்லை. ரூம் மூணு தடவை மாத்தினாங்க. பரீட்சைக்கு மொத நாள் ஆபீஸ்ல கேள்விய சொல்லிட்டாங்க. எனக்கு கேள்வி வேண்டாம். படிக்க வரணும்.'

"இதக் கிழிச்சுப் போட்டுட்டு, அவர் பேர்ல நல்லதா நாலு வரி எழுதிடுங்கோ."

அந்த மனிதர் தன் வாழ்நாளில் தமிழில் எழுதிய முதல் நான்கு வரி அது. சஃபீனா தாளை வாங்கிக்கொண்டாள்.

"எழுத மாட்டேன் சார்."

"என்ன மேடம், இருபத்து மூணு எழுதினீங்க. இதுல மட்டும் என்ன?"

தாளை மடித்துக் கைப்பையில் வைத்தாள். வெளியே வந்துவிட்டாள்.

மறுவாரம் குழு வந்தது. தமிழ் வகுப்பில், பக்கத்துக் கல்லூரியிலிருந்து பஸ்ஸில் கூட்டிவந்த பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். பட்டறையை மூடிவிட்டு வந்த தௌஃபீக்கைக் காவலாளி கேட்டிலேயே நிறுத்தி, இன்று விடுமுறை என்று திருப்பி அனுப்பிவிட்டார். குழுவில் தமிழ் தெரிந்த பேராசிரியை ஒருவர் இருந்தார். ஆசிரியர் சந்திப்பில் சஃபீனா அந்தத் தாளை அவரிடம் கொடுத்தாள். மற்ற படிவங்களில் இருபத்து மூன்றைத் தானே எழுதியதையும் சொன்னாள்.

அவர் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உங்க மனசு புரியுதும்மா. ஆனா இது உள் விவகாரம். நாங்க ஆவணத்தைத்தான் பாக்க முடியும்."

"இதுவும் ஆவணம்தானே மேடம்?"

அதற்குள் சாப்பாடு தயார் என்று யாரோ வந்து கூப்பிட்டார்கள். அவர் தாளை அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். சாப்பாட்டு அறையிலிருந்து நெய் வாசனை வந்தது. மகேஷ்குமார் தன் கையாலேயே அவருக்குக் குலாப் ஜாமூன் பரிமாறிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் உயர்ந்த தரம் கிடைத்ததாக வாசலில் பேனர் கட்டினார்கள். அறிக்கையில் தமிழ் வகுப்புக்குத் தனியாக ஒரு பாராட்டு இருந்தது: மாணவர் கருத்தறியும் முறை முன்மாதிரியானது. ஜூனில் சஃபீனாவுக்குக் கடிதம் வரவில்லை.

"வுடு. இன்னும் எத்தன வருஷம் அங்க போய் நிப்ப?" என்றான் கணவன் நஜிமுதீன். அவள் செம்பூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். தௌஃபீக் தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். "நீங்களே வச்சிக்கிடுங்க டீச்சர். நான் இப்போ நல்லாவே எழுதுதேன்" என்றார்.

ஆகஸ்டில் பல்கலைக்கழக இணையதளத்தில், ஜூலையில் நடந்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தின் குறிப்பு வெளியானது. தமிழ் வகுப்புக்கு இனி அறுபது இடங்கள். வருகை தந்தவர்கள் பட்டியலில் ஆறாவதாகச் சஃபீனாவின் பெயர். தீர்மானத்தை முன்மொழிந்ததே அவள்தானாம். பெயருக்கு எதிரே அவளுடைய கையெழுத்தும் இருந்தது, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.

பதிவாளருக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தாள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. தக்க நடவடிக்கைக்காக அவளுடைய புகார் துறைத்தலைவருக்கே அனுப்பப்பட்டிருப்பதாகச் சொன்னது அது.