பைபாஸ் ஓரத்துக்குப் போகவிருந்த அரங்கம்

ஒரு வெற்றுப் பலகையையும் கொஞ்சம் மரக்கட்டைகளையும் கையில் கொடுத்து, "இதில் புதிதாக ஒரு ஊர் கட்டு" என்றால், நீங்கள் கட்டைகளை எப்படி வைப்பீர்கள்? ஒட்டி ஒட்டியா, தள்ளித் தள்ளியா?

யோசிக்காமல் சொல்லுங்கள். யோசித்தால் நல்ல பிள்ளை பதில் வந்துவிடும். நான் யோசிக்காமல் வைத்தேன், மாட்டிக்கொண்டேன்.

நான் ஆர்க்கிடெக்ட். படித்து முடித்து, சென்னையில் ஒரு ஆபீஸில் சேர்ந்து, யார் யார் வீட்டுப் பாத்ரூமுக்கோ டைல்ஸ் வரைந்துகொண்டிருந்தவள். அப்போதுதான் அந்த வேலை வந்தது. சிவகாசிக்கும் விருதுநகருக்கும் நடுவே, கரிசல் காட்டில், குடியிருப்பு, பள்ளிக்கூடம், கடைத்தெரு, ஆஸ்பத்திரி என்று ஒரு முழு நகர்ப் பகுதியே வரப்போகிறது. அதில் விளையாட்டுக்கும் கலை நிகழ்ச்சிக்கும் சேர்த்து ஒரே அரங்கம் வேண்டும். "அது எங்க ஊர் சார், நான்தான் பண்ணுவேன்" என்று மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் கையைத் தூக்கிவிட்டேன். ஆபீஸை நடத்துகிற சார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "சரி, பண்ணு" என்றார். அவ்வளவுதான்.

வீறாப்புக்குக் காரணம் இருந்தது. நான் பள்ளிக்கூடத்தில் வாலிபால் ஆடியவள். எங்கள் கோர்ட்டில்தான் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடுவார்கள். விழா முடிந்து, குழிகளை மூடி, கிடக்கிற ஆணியை எல்லாம் பொறுக்கும்வரை ஆட்டம் கிடையாது. ஊருக்கு வெளியே ஒரு பெரிய மைதானம் இருந்தது. ஆனால் பெண் பிள்ளைகளை அங்கே விடமாட்டார்கள். "அங்கன போயி இருட்டுல என்ன ஆட்டம் வேண்டிக்கிடக்கு?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த அரங்கம் வீடுகளுக்கு நடுவில் இருக்கவேண்டும். சைக்கிள் இல்லாத பிள்ளைகூட செருப்பை மாட்டிக்கொண்டு நடந்து வந்துவிடவேண்டும்.

ஆனால் முதல் மாடலைச் செய்து மேசையில் வைத்தபோது சார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏம்மா, இதுங்க எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சண்டையா? ஏன் இப்படித் தனித்தனியா மூஞ்சைத் திருப்பிக்கிட்டு நிக்குது?"

அப்புறம்தான் நானே பார்த்தேன். அரங்கம் தனியாக, பள்ளிக்கூடம் தனியாக, கடைத்தெரு தனியாக, நடுவில் எல்லாம் வெறும் பொட்டல். அது ஊர் இல்லை. அச்சு அசல் பட்டாசுக் கம்பெனி.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சின்னச் சின்ன ரூம்களாகக் கட்டி, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததற்குத் தாவக் கூடாது. பள்ளிக்கூட பஸ் ஜன்னலில் ரெண்டு பக்கமும் இதையே பார்த்து வளர்ந்த கை. கட்டையைக் கொடுத்ததும் அதையே அடுக்கிவிட்டது. விஷயத்தைச் சொன்னதும் சார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாவற்றையும் கலைத்துவிட்டுத் திரும்பச் செய்தேன். அரங்கம் நட்டநடுவில். ஒரு பக்கத்தைப் பள்ளிக்கூட முற்றத்தோடு சேர்த்தேன், பகலில் பி.டி. பீரியடுக்கு வசதி. கடைத்தெருவின் நிழல் கூரையை இழுத்து வந்து அரங்கத்தின் வாசலில் முடித்தேன். உட்காரும் படிகளைச் சுவருக்குள் தள்ளிவிட்டால் வாலிபால், கபடி, ஷட்டில். வெளியே இழுத்தால் பரதநாட்டியம், பட்டிமன்றம், பள்ளி நாடகம். மேடையின் பின்சுவர் முழுவதும் மடிந்து திறக்கும். பொங்கல் விழாவுக்கு அதைத் திறந்துவிட்டால் மேடை வெளியே சதுக்கத்தைப் பார்க்கும். சும்மா சொல்லக் கூடாது, சூப்பராக இருந்தது.

மாடலைத் தூக்கிக்கொண்டு சிவகாசிக்கு வந்தோம். இடத்தின் சொந்தக்காரர்கள், உள்ளூர் வியாபாரிகள் சிலர் சேர்ந்த ஒரு கமிட்டி. தலைவர் பட்டாசுக் கம்பெனி முதலாளி. அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தவர் பிரிண்டிங் பிரஸ் வைத்திருப்பவர். காலண்டர் அடித்தே பெரிய ஆளானவர் என்பதால் எல்லாருக்கும் காலண்டர் அண்ணாச்சி. டீ வந்தது, சாத்தூர் சேவு வந்தது. எல்லாரும் மாடலைச் சுற்றி நின்றார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் ஒற்றை விரலால் அரங்கக் கட்டையைத் தொட்டார். மெல்லத் தள்ளினார். தள்ளிக்கொண்டே போய் பைபாஸ் ஓரத்து மூலையில் நிறுத்தினார். காலண்டர் அண்ணாச்சி சேவைக் கடித்துக்கொண்டே பள்ளிக்கூடத்தை அந்தப் பக்கம் நகர்த்தினார். இன்னொருவர் ஆஸ்பத்திரியை. டீ ஆறுவதற்குள் என் ஊர் திரும்பவும் கம்பெனி ஆகிவிட்டது.

"இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார் தலைவர்.

"எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுத் தள்ளி வைக்கீக?" என்று தலைவரிடமே கேட்டேன்.

"ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்தா நல்லாவாம்மா இருக்கு? காத்து வரணும்ல?"

"காத்துக்கா தள்ளுனீக? பத்திக்கிரும்னுல்ல தள்ளுனீக! வாலிபால் பத்திக்கிடாது அண்ணாச்சி."

மேசைக்கு அடியில் சார் என் காலை மிதித்தார். காலண்டர் அண்ணாச்சிக்குச் சிரிப்பில் டீ புரையேறிவிட்டது. "யோவ், பிள்ள சரியாத்தான்யா கேக்குது. நானும்ல தள்ளியிருக்கேன்! எனக்கு இருக்கது பிரஸ்ஸு, நான் எதுக்குத் தள்ளுனேன்?"

தலைவர் சிரிக்கவில்லை. "நாங்க வெடிமருந்தோட பொழைக்கிறவுகம்மா. பழகுன கை அப்பிடித்தான் போகும். அதுல என்ன தப்பு?"

தப்பு என்று நான் எந்த மூஞ்சியோடு சொல்வது? என் கையும் அப்படித்தானே போனது.

"அதுவும்போக, பைபாஸ் ஓரம்னா கார் நிறுத்தத் தோது. முகூர்த்த நாள்ல கல்யாணத்துக்கு விடலாம்" என்றார். கல்யாணத்துக்கு விட ஆரம்பித்தால் தரையில் நாற்காலியை இழுப்பார்கள், வலையைக் கழற்றி ஸ்டோர் ரூமில் போடுவார்கள், அதோடு கதை முடிந்தது. இன்னொரு மண்டபத்துக்காகவா நான் கையைத் தூக்கினேன்? "வியாழக்கெழமை இடத்தைப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம். தோதுப்படலன்னா மதுரையில வேற ஆளு இருக்காக" என்று கிளம்பிவிட்டார்.

அன்று திரும்பும் வழியில் சார், "பேசாம மூலையிலேயே வச்சுக் கொடுத்துடலாமா?" என்றார். "வியாழக்கிழமை வரை பொறுங்க சார்" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

இடம் பார்க்கும் நேரத்தை நான்தான் குறித்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு. "காலையில வச்சா குளுமையா இருக்குமே?" என்றார் சார். "அதனாலதான் சார் காலையில வைக்கல" என்றேன்.

முந்தின நாளே சுண்ணாம்புப் பொடியால் தரையில் கோடு போட்டுவிட்டேன். இங்கே குடியிருப்பு, நடுவில் என் அரங்கம், அதோ தூரத்தில் பைபாஸ் ஓரத்தில் அவர் அரங்கம். கார்கள் வந்து குடியிருப்புக் கோட்டில் நின்றன. தலைவர் இறங்கியதும் அவர் கையில் ஒரு வாலிபாலைக் கொடுத்தேன்.

"என்னம்மா இது?"

"நீங்க இந்த வீட்டுல இருக்க பிள்ள அண்ணாச்சி. இப்ப ஆடப் போறீக. வாங்க, நடப்போம். கார் வேண்டாம்."

"ஆத்தாடி" என்றார் காலண்டர் அண்ணாச்சி. ஆனால் தலைவர் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டதால் அவரும் நடந்தாக வேண்டியிருந்தது.

விருதுநகர் வெயிலைப் பற்றி நான் விளக்க வேண்டாம். சீமைக்கருவேலம் தவிர நிழல் கிடையாது, அதுவும் நிழல் மாதிரி நடிக்கும், அவ்வளவுதான். நடுவில் என் அரங்கக் கோட்டைத் தாண்டினோம், யாரும் கவனிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் காலண்டர் அண்ணாச்சி கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டார். "யோவ், எந்தப் பிள்ளையா இம்புட்டுத் தூரம் வந்து ஆடும்? வந்து சேர்றதுக்குள்ள ஆட்டம் முடிஞ்சு போகும்."

தலைவர் நின்றார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "இன்னும் எம்புட்டும்மா இருக்கு?"

"நீங்க தள்ளி வச்ச தூரம்தான் அண்ணாச்சி."

அடிப்பாரோ என்று நினைத்தேன். அவர் திரும்பி வந்த வழியைப் பார்த்தார். கார்கள் தீப்பெட்டி மாதிரித் தெரிந்தன.

"பொழுது அடைஞ்ச பெறகு பொம்பளப் பிள்ளைக இங்கிட்டு நடந்து வருமா?"

"வராது அண்ணாச்சி. எங்க வீட்டுல என்னைய விடல."

"எம் பேத்தி ஷட்டிலுக்குப் போகுது. டிரைவர் கொண்டு போயி விடுதான்." பந்தைக் கை மாற்றிக்கொண்டார். "டிரைவர் இல்லாத வீட்டுப் பிள்ளைக என்ன செய்யும்?"

யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.

அவர் திரும்பி நடந்தார். நாங்களும் பின்னாலேயே நடந்தோம். நடுவில் நான் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்குள் வந்ததும் பந்தைக் கீழே வைத்தார். "இங்கனயே இருக்கட்டும், கல்யாணத்துக்கு வேற எடமா இல்ல. ஆனா ஒண்ணு. நாலு பக்கமும் கதவு வேணும். எல்லாம் வெளிய பாத்துத் தெறக்கணும். உள்ள எம்புட்டுக் கூட்டம் இருந்தாலும் ஒரு ஆளு மாட்டக் கூடாது. இதுல பேச்சு கெடையாது."

என் வரைபடத்தில் கதவுகள் ரெண்டு பக்கம்தான். நாலு பக்கமும் வைத்தால் ஏ.சி. குளிர் உள்ளே தங்காது, பாட்டுச் சத்தம் வெளியே ஒழுகும் என்று சொல்ல சார் வாயெடுத்தார். அதற்குள் நான், "சரி அண்ணாச்சி" என்று முந்திவிட்டேன். ரெட்டைக் கதவு போட்டு, நடுவில் சின்ன நடை விட்டால் முடிந்தது. வரைவது நான்தானே. அதைவிட, தீக்குப் பயந்த அவர் கை இதில் சரியாகவே பழகியிருந்தது. நாலு பக்கமிருந்தும் பிள்ளைகள் வரும்போது வாசல் மட்டும் எதற்கு ரெண்டு பக்கம்?

கார்கள் கிளம்பிப் போனதும் அந்தக் கரிசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பாக வந்தது. அம்மாவுக்குப் போன் போட்டு, "முடிஞ்சிருச்சும்மா, நடுவுலயே வருது" என்றேன். "அதெல்லாம் இருக்கட்டும், வெயில்லயா நிக்க?" என்றாள். ஆமாம், வெயிலில்தான். அன்றைக்கு அது உறைக்கவே இல்லை. சார் பன்னீர் சோடா வாங்கி வந்து கொடுத்தார். மதுரைக்காரர் கைக்குப் போகாமல் தப்பித்ததில் அவரும் என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார், வெள்ளை பேண்ட்டோடு.

இப்போது அந்தச் சுண்ணாம்புக் கோட்டுக்குள், அஸ்திவாரம் போடுவதற்கு முன் மண்ணைச் சோதிக்கத் துளை போடுகிற மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது.