பத்து நிமிடக் கணக்கு

சபியுன்னிஸா ராயப்பேட்டையில் கணக்கு டீச்சர். 1997 ஜனவரியில், நோன்பு தொடங்க நான்கு நாள் இருந்தபோது, லாக் அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டு, தெருப் பள்ளிவாசலுக்கு ஒரு சீட்டு அனுப்பினார். புதிதாக மாட்டிய கடிகாரம், விடியுமுன் உண்ணும் சஹர் முடியும் நேரத்தைப் பத்து நிமிடம் பிந்திக் காட்டுகிறது; அதை நம்பி விடிந்த பிறகும் சாப்பிட்டால் பள்ளிவாசலைச் சேர்ந்த மகல்லா முழுக்க நோன்பு கெடும்.

தொழுகை நேரங்களைத் தானே சொல்லும் அந்தக் கடிகாரம் துபாயிலிருந்து வந்த நன்கொடை. அதன் ஊர்ப் பட்டியலில் மெட்ராஸ் இல்லை. செயலாளர் அமீர் பாஷா பெங்களூரை வைத்துவிட்டார். சீட்டைப் பார்த்ததும் டீச்சர் வீட்டுக்கே வந்தார்.

“பக்கத்து ஊருதானே டீச்சரம்மா?”

“பஸ்ஸுக்குப் பக்கம் பாய். சூரியன் இங்க வந்துட்டுத்தான் அங்க போவுது.”

“ஃபாரின் மெஷின் தப்பு, உங்க லாக் புக் சரியா?”

“மெஷின் சரிதான். நாம வெச்ச ஊருதான் தப்பு. நாளைக்கு 6.33க்கு சூரியன் வரும். உங்க கடிகாரம் 6.43ங்குது. கடற்கரைக்குப் போய்ப் பாத்துடலாம்.”

நட்சத்திரங்களுக்கு அரபியில் பெயர் வைத்த நாகரிகம் இன்று நேரத்தை அட்டைப்பெட்டியில் வாங்குகிறது. வாங்கலாம், சோதிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தெருவில் அது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. கணக்கு தவறினால், இனி ஒரு பெண் அனுப்பும் சீட்டை ஜமாஅத் பிரித்தும் பார்க்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

மறுநாள் விடிகாலை சுபுஹ் தொழுகை முடிந்ததும் சாந்தோம் கரையில் செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். சற்றுத் தள்ளி சபியுன்னிஸா. வலையை உதறிக்கொண்டிருந்த ஏசுராஜ் சிரித்தார்.

“இன்னா பாய், சூரியனுக்கே பரீட்சையா?”

“டீச்சருக்குப்பா.”

வானில் மேகமில்லை. 6.33க்குக் கடலின் விளிம்பில் சிவப்புக் கீற்று எழுந்தது. அமீர் பாஷா கைக்கடிகாரத்தையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அது கரீட்டா வந்துட்ச்சு. நீ இன்னாத்துக்கு அத்த முறைக்கிற?” என்றார் ஏசுராஜ்.

செயலாளர் டீச்சர் பக்கம் திரும்பினார். “மாசம் முழுக்கப் போட்டுக் குடுங்க.”

மூன்றாம் நாள் பள்ளிவாசல் பலகையில் பெயின்டர் தங்கவேல் முப்பது நாள் நேரத்தையும் எழுதி முடித்தார். மேலே செயலாளர் பெயரும், அடியில் அட்டவணை எங்கிருந்து வந்ததென்றும் போடுவது அங்கே வழக்கம்.

“கீழ துபாய்னு போட்றவா பாய்?”

“ராயப்பேட்டைன்னு போடு. மேல டீச்சரம்மா பேரு. எடம் இல்லன்னா என் பேர அழிச்சுக்கோ.”