கூட்டத்தின் நடுவில் ஜோசப்

போன ஜூலை மாதம் எங்கள் மேனாம்பேட்டில் எல்லோர் போனிலும் ஒரு செய்தி சுற்றியது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்களாம். எங்கள் தெருவில்தான் ஜோசப் குடியிருந்தான். உகாண்டாவிலிருந்து வந்து இங்கே கல்லூரியில் படிக்கிறவன். அவன் நிறத்தைப் பார்த்தே ஜனங்கள் முடிவுகட்டிவிட்டார்கள். கடையில் அவனுக்குப் பால் பாக்கெட் தர மறுத்தார்கள். எங்கள் சபையில்கூட அவன் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடக்கும்.

அவனுக்காக தினமும் ஜெபித்தேன். ஒன்றும் மாறவில்லை. "ஆண்டவரே, உமக்குக் கேட்கிறதா?" என்று அழுதேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். ஆட்டோ ஓட்டுகிற பாபுவின் ஐந்து வயது மகள் குட்டி சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டாள். ஜோசப் ஓடிப்போய்த் தூக்கினான். அவ்வளவுதான், தெருவே அவனைச் சூழ்ந்துகொண்டது. சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அவன் சட்டை கிழிந்திருந்தது. உதட்டில் ரத்தம். "கர்த்தாவே, யாரையாவது அனுப்பும்" என்று கெஞ்சினேன். யாரும் வரவில்லை. என் கால்கள்தான் நடந்தன.

கூட்டத்துக்குள் புகுந்து அவன் கையைப் பிடித்தேன்.

"நவுருக்கா. புள்ள புடிக்க வந்தவனுக்கு நீ இன்னா சப்போர்ட்டு?" என்றார் பாபு.

"இவன் எங்க சபைப் புள்ள, பாபு. இன்னா நடந்துச்சுன்னு உன் பொண்ணையே கேளு."

பாபுவின் மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "நான்தான்பா வுயுந்துட்டேன். அண்ணன் தூக்கி உட்டாரு" என்றது குழந்தை.

பாபுவின் ஓங்கிய கை இறங்கியது. கூட்டம் மெல்லக் கலைந்தது.

வீட்டுக்குக் கூட்டிவந்து காயத்தைத் துடைத்தேன். அவன் அம்மா வீடியோ காலில் அழுதார். அவர் மொழி எனக்குத் தெரியாது. "யேசு, யேசு" என்றது மட்டும் புரிந்தது. நானும் அதையே சொல்லி அழுதேன்.

மறுநாள் ஆராதனையில் ஜோசப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாட்சி நேரத்தில் எழுந்து, நிறம் பார்த்து ஒருவனைத் தள்ளிவைப்பது பாவம் என்று சொன்னேன். ஒரு சகோதரி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அவருக்காகவும் ஜெபிக்கிறேன். பாபு மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் மழைநாளில் ஜோசப்பைக் கல்லூரியில் இறக்கிவிடுவது அவர்தான்.

இப்போது எங்கள் பெண்கள் ஐக்கியம் இந்தப் பாகுபாடு நீங்க வெள்ளிதோறும் உபவாசம் இருக்கிறது. ஜெபம் முடிந்ததும் ஜோசப்பைப் போல ஒதுக்கப்பட்டவர்களைப் பார்க்க இரண்டிரண்டு பேராகப் போகிறோம். மாங்காடு பக்கம் ஷெட்டுகளில் தங்கி வேலை செய்கிற வடமாநிலத்துப் பிள்ளைகளையும் பார்த்து வருகிறோம். யாராவது அவர்களை இழிவாகப் பேசினால், அந்த இடத்திலேயே அன்பாகத் தடுக்கிறோம். முழங்காலில் நிற்பதைப் போல இதுவும் ஜெபம்தான் என்று கர்த்தர் எனக்குக் கற்றுத்தந்தார்.

பிரியமானவர்களே, உங்கள் தெருவிலும் யாரோ ஒருவர் தனியாக இருப்பார். அவர் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பிறகு போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். பயமாகத்தான் இருக்கும். நம் ஆண்டவர் நம்மைத் தனியே விடமாட்டார்.