தீவுப் பாதை மூடும் நேரம்

என் நாட்குறிப்பில் மார்ச் 9, திங்கட்கிழமை, காலை 7.10 என்று குறித்து இப்படி எழுதியிருக்கிறேன்: "ஜூலை, வெள்ளி. மகள் வீட்டிலிருந்து கிளம்புதல் 10.20. கரை 11.50. பாதை திறப்பு 12.05. மடம் 12.30. கட்டுச்சோறு 2.00. தீவை விட்டுக் கிளம்புதல் 6.40. பாதை மூடல் 7.20. நாற்பது நிமிடம் கைவசம்."

எழுதி முடித்ததும், சித்தூரில் உட்கார்ந்தபடியே இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஒரு பகலை அடக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை சரியாக ஆறு நாள் நீடித்தது.

மகள் அங்கே படித்து முடித்து, அங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்டாள். ஜூலையில் ஒரு வியாழக்கிழமை அவளுக்குப் பட்டமளிப்பு விழா. மறுநாள் வெள்ளி ஒருநாள்தான் அவளால் லீவு எடுக்க முடியும். சனிக்கிழமை அவளுக்கு வேலை, ஞாயிறு எங்களுக்கு விமானம். அந்த ஒரு நாளில் என்ன பார்க்கலாம் என்று அவள் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. அவள் இருக்கும் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் ஒரு தீவு இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அங்கே ஒரு மடம் எழுப்பினார்கள். இப்போது இருப்பது அதற்குப் பின் கட்டியதன் இடிபாடு. தீவுக்குப் போகும் சாலை ஒவ்வொரு நாளும் இரண்டு முறை கடலுக்குள் மூழ்கி, இரண்டு முறை வெளியே வரும். அந்த நேரத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. பட்டியலை மதிக்காமல் போன கார்கள் பாதி வழியில் மிதந்திருக்கின்றன.

நிலவையும் கடலையும் கணக்குப் பார்த்து வருஷக் கணக்கு எழுதி வைத்த துறவிகளைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் டப்பா மூடிகள் மேல் தேதி அடிக்கும் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். தேதி எழுதுகிறவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் எனக்குச் சொந்தக்காரர்கள் போலத்தான் தோன்றும்.

என் மனைவிக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்குப் பத்தொன்பது வயதில், நகரி பக்கம் ஒரு தரைப்பாலத்தைக் கடக்கும்போது அவள் ஏறியிருந்த பஸ் வெள்ளத்தில் நின்றுபோயிற்று. அவளும் அவள் அண்ணனும் மூன்று மணி நேரம் சீட்டின் மேல் ஏறி நின்றிருந்தார்கள். முழங்கால் வரை தண்ணீர் வந்த பிறகுதான் கயிறு கட்டி இறக்கினார்கள். இன்றைக்கும் மழைக்காலத்தில் ரோட்டின் மேல் ஒரு சாண் தண்ணீர் ஓடினால் அவள் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுவாள். நான் பட்டியலைக் காட்டினேன், படம் போட்டுக் காட்டினேன், தீவின் வரைபடத்தை வண்ணத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து காட்டினேன். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அண்ணன் சரின்னு சொன்னா வரேன். இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க, நான் வீட்டுல இருக்கேன்" என்றாள்.

ஒரே ஒரு நாள். அதில் அவள் மட்டும் முன்பின் தெரியாத ஊரில் ஒரு அறைக்குள் உட்கார்ந்திருப்பாள். அதற்குத் தீவே வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். "அம்மா வந்தாத்தான் லீவு போடுவேன் நைனா. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

ஆகவே மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, காலை பஸ் பிடித்து நாங்கள் இருவரும் திருப்பதிக்குப் போனோம். மனைவியின் அண்ணன் அங்கேதான் இருக்கிறார். பஸ் டிரைவராக முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பட்டியல், வரைபடம், என் நாட்குறிப்பு மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர் உறையைத் திறக்கவே இல்லை.

"மாப்ள, ஒலகத்துல எவ்ளோ எடம் இருக்குது. தண்ணி வந்து வந்து போற ரோட்டுலதான் எங்க தங்கச்சிய இட்டுக்கினு போணுமா?"

"தண்ணி இல்லாத நேரத்துலதான் மச்சான் போறோம். நேரம் எழுதியிருக்கு."

"என்னா கெழம?"

"வெள்ளி."

அவர் எழுந்து சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியிடம் போனார். அங்கே என்ன எழுதியிருக்கும் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இருந்தாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "ராகு காலம் பத்தரை பன்னெண்டு. பஸ் வெள்ளத்துல நின்ன அன்னிக்கும் இதே வெள்ளிதான். பதினோரு மணிக்குத்தான் வூட்ட வுட்டுக் கெளம்பினோம்."

"செவ்வாக்கெழமண்ணா அது" என்றாள் என் மனைவி.

"நீ சின்னப் பொண்ணு, உனக்கு இன்னா தெரியும்?"

இந்தச் சண்டை எனக்குப் பழசு. இருவரையும் தனித்தனியாக விசாரித்து இருவர் சொன்னதையும் பதிவு செய்து வைத்திருக்கிறேன். ஒருவர் சொல்வது மற்றவர் சொல்வதோடு ஒத்துப்போகவில்லை.

"மச்சான், முப்பது வருஷம் வெள்ளிக்கிழமை பத்தரைக்கும் பதினொன்னுக்கும் டிப்போவ விட்டு வண்டி எடுத்தீங்களா இல்லையா?"

"எடுத்தேன். அது ட்யூட்டி மாப்ள. அது என் கைல இல்ல. இது உங்க கைல இருக்குது."

உறையைத் திறந்து நாட்குறிப்பை அவர் முன்னால் வைத்தேன். பாதை திறப்பு 12.05. அவர் அதை விரலால் தொட்டார். முகம் மலர்ந்தது.

"பன்னெண்டுக்கு ராகு காலம் முடியுது. பன்னெண்டு அஞ்சுக்குக் கடல் வழி வுடுது. சரிப்போயிந்தி!" என்று, பொருந்திவிட்டதைத் தெலுங்கில் சொல்லி முடித்துக் கையைத் தட்டினார். "வூட்ட வுட்டுக் கெளம்பறது பத்து இருபது, அதுவும் முன்னாலியே. இதுக்கு மேல இன்னா வேணும்? போய்ட்டு வாம்மா."

மனைவி என்னைப் பார்த்தாள். எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நிமிஷத்தில் நான் வாயை மூடிக்கொண்டு, கொண்டுவந்து வைத்த மோரைக் குடித்திருக்க வேண்டும்.

என்னால் முடியவில்லை. தவறான கணக்கு சரியான விடையைத் தருவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடிந்ததே இல்லை. "அப்படிப் பார்க்கக்கூடாது மச்சான்" என்றேன். "பத்தரை பன்னிரண்டுங்கிறது ஆறு மணிக்கு விடிஞ்சு ஆறு மணிக்குச் சாயற ஊருக்கு. சூரிய உதயத்துலேர்ந்து அஸ்தமனம் வரைக்கும் எட்டா வகுக்கணும். வெள்ளிக்கிழமைக்கு நாலாவது பங்கு. அங்க ஜூலைல விடியறது சுமார் நாலே முக்கால். சாயறது ராத்திரி ஒன்பதரைக்கு மேல."

"ராத்திரி ஒம்பதரைக்கா?"

"ஆமா. பகல் பதினாறே முக்கால் மணி நேரத்துக்கு மேல. ஒரு பங்கு ரெண்டு மணி நேரத்துக்கும் அதிகம்."

அவர் தன் பேரனின் நோட்டை வாங்கி, எழுதச் சொன்னார். எழுதினேன். பதினொன்று நாலிலிருந்து ஒன்று பத்து வரை என்று வந்தது. அடியில் கோடு வேறு போட்டேன்.

மச்சான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ பன்னெண்டு அஞ்சு ராகு காலத்துக்கு நட்டநடுவுல இருக்குது."

"அது வந்து..."

"நீங்க படிச்சவரு. நீங்களே கணக்குப் போட்டு, நீங்களே கோடு போட்டீங்க. நானா சொன்னேன்?"

"நான் நம்பறேன்னு சொல்லல மச்சான். கணக்கு எப்படின்னு சொன்னேன்."

"நம்பாதவரு எதுக்குப் போட்டீங்க?"

வீட்டிலிருந்து கிளம்பும் நேரத்தைத்தான் பார்க்க வேண்டும், பாதை நடுவில் எங்கே இருந்தால் என்ன என்று வாதாடிப் பார்த்தேன். கடலைத் தாண்டுவதுதான் பயணம், வீட்டிலிருந்து கரைக்குப் போவது சும்மா கடைக்குப் போவது போல என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஒன்று பத்துக்கு முன்னால் தங்கை அந்தப் பாதையில் கால் வைக்கக்கூடாது; வீட்டிலிருந்து கிளம்ப அவர் ஏற்கெனவே சரி என்ற பத்து இருபதையும் மாற்றக்கூடாது. அதாவது பதினொன்று ஐம்பதுக்குக் கரைக்குப் போய், கடல் வழிவிட்டுக் காத்திருக்க, நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் காருக்குள் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்க்க வேண்டும்.

களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுக் கை கழுவும்போது மகள் வீடியோவில் வந்தாள். அவளுக்கு அப்போதுதான் விடிந்திருந்தது. மாமா சொன்னதைச் சொன்னேன்.

"ஐயோ நைனா! கரைல ஒரு மணி நேரம் உக்காந்துகினு என்ன பண்றது? காத்து அடிச்சா ஜூலைலயே பல்லு தந்தி அடிக்கும். மடத்த அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. மாமாகிட்ட யாரு இந்தக் கணக்கெல்லாம் சொன்னது?"

மச்சான் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "உங்க நைனாதாம்மா" என்றார்.

மகள் சிரித்தாள். பிறகு, "சரி, அம்மா வராங்களா இல்லையா? எனக்கு அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

என் மனைவி நாட்குறிப்பைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். மறு கையில் மகள் அனுப்பியிருந்த பட்டியலின் அச்சுப்பிரதி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் காயிதத்துல பதினொன்னு அஞ்சுன்னு இருக்குது. நீங்க பன்னெண்டு அஞ்சுன்னு எழுதிக்கிறீங்க. மூடறது ஆறு இருபதுன்னு இருக்குது, நீங்க ஏழு இருபதுன்னு எழுதிக்கிறீங்க."

"அங்க கோடைல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னால தள்ளி வைப்பாங்க. கடல் பட்டியல் பழைய நேரத்துலதான் அச்சடிப்பாங்க. நாமதான் ஒரு மணி நேரம் கூட்டிக்கணும்."

"அப்படின்னு இதுல எங்க எழுதிக்குது?"

நான் பிரதியை வாங்கினேன். மகளின் தோழி ஒருத்தி வைத்திருந்த சிறு கையேட்டின் ஜூலைப் பக்கம் அது. மகள் போனில் படமெடுத்து அனுப்ப, நான் சித்தூரில் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்தேன். மேலே மாதம் இருந்தது. நடுவில் தேதிகள், நேரங்கள். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி தொடங்கி, படத்தின் விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது. எழுத்துகளின் தலை மட்டும் தெரிந்தது.

"வேற புத்தகத்துல படிச்சேன்" என்றேன். "பொதுவா அப்படித்தான்."

"பொதுவா." அவள் அந்தச் சொல்லை மட்டும் திருப்பிச் சொன்னாள். "இவங்க ஏற்கெனவே கூட்டி அச்சடிச்சிருந்தா?"

நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். அப்படியானால் பாதை மூடுவது ஆறு இருபதுக்கு. நான் தீவை விட்டுக் கிளம்பத் திட்டமிட்டது ஆறு நாற்பதுக்கு. கைவசம் நாற்பது நிமிடம் என்று எழுதி, அதன் பக்கத்தில் ஒரு டிக் அடையாளமும் போட்டிருந்தேன்.

மச்சான் என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம். "அன்னிக்கு நாங்க போன பஸ் டிரைவரும் இப்படித்தான் மாப்ள" என்றார் மெதுவாக. "போன வாரம் இதவிட ஜாஸ்தி தண்ணில போனேன்னு சொல்லிக்கினேதான் வண்டிய எறக்கினாரு."

போனில் மகள், "நைனா, கையேடு தோழிகிட்ட இருக்குது, அவ ஊர்ல இல்ல. வந்ததும் கேக்கறேன். இந்த ஊர் கோடை நேரமாத்தான் இருக்கும்னு நெனைக்கிறேன், கரெக்டா தெரியல" என்றாள்.

இதற்கு மேல் என் மனைவி வருவாள் என்று நான் நினைக்கவில்லை. பயப்படுகிறவளுக்கு நானே காரணம் எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் பிரதியை மடித்து நாட்குறிப்புக்குள் வைத்தாள்.

"லீவு போடும்மா" என்றாள் மகளிடம். "நான் வரேன். அண்ணன் சொன்ன ஒண்ணு பத்துக்கே உள்ள போலாம். எந்தக் கணக்குப்படி பார்த்தாலும் அப்போ தொறந்துதான் இருக்கும். ஆனா திரும்பறது இவரு நோட்டுல எழுதன நேரத்துக்கு இல்ல. நான் எப்போ எழுந்திருன்னு சொல்றேனோ அப்போ. இவரு எந்தக் கல்ல படிச்சிக்கினு இருந்தாலும் சரி."

"நாலு மணிக்கே எழுந்திருன்னா?" என்று கேட்டேன்.

"நாலு மணிக்கேதான். அன்னிக்குப் பஸ்ல தண்ணி படில ஏறும்போதே எறங்கலாம்னு நான் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல. இந்தத் தடவ கேக்கறதுன்னா வரேன்."

மச்சான் தலை குனிந்துகொண்டார். அன்றைக்கு அவளைச் சும்மா இருக்கச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. என் பதிவுகளில் அது இல்லை. முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தும், தண்ணீர் படியில் ஏறும்போதே இறங்கலாம் என்று அவள் சொன்ன செய்தியை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். கிழமையைப் பற்றி மட்டும்தான் நான் இத்தனை வருஷமாக விசாரித்திருக்கிறேன்.

சாயங்காலப் பஸ்ஸில் அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தூங்கிவிட்டாள். நான் நாட்குறிப்பைத் திறந்து, 6.40 என்பதை அடித்துவிட்டு, நேரத்துக்கான கட்டத்தில் "அவள் சொல்லும்போது" என்று எழுதினேன். நேரமில்லாத ஒரு பதிவு என் நாட்குறிப்பில் இதுதான் முதல். எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தும் அடிக்கவில்லை.

திங்கட்கிழமை மகள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டாள். தோழி இன்னும் ஊர் திரும்பவில்லை. ஜூலைப் பட்டியலின் நேரங்கள் கோடைக்காலக் கடிகாரப்படியா, பழைய கடிகாரப்படியா என்பது, இதை எழுதும் இன்றுவரை உறுதியாகவில்லை.