அடையாறு பாலத்தில் அடித்த ஹாரன்

எனக்கு ஹாரன் சத்தமே ஆகாது. மைத்துனன் கல்யாணத்துக்குப் பழைய காரில் கொட்டிவாக்கத்திலிருந்து மந்தைவெளிக்குப் போனோம். தாலியில் நாத்தனார் முடிச்சு போட வேண்டியவள் என் மனைவி. அடையாறு பாலத்தில் ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்தது. சிக்னலில் இறங்கிப் போய்க் கத்தினேன்.

"நைனா, உன் வண்டி தண்ணி ஒழுவிக்கினே வருது. அத்த சொல்லத்தான் அட்ச்சேன்," என்றார் ஓட்டுநர்.

பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. வருஷக்கணக்கில் நான் ஊற்றிய உப்பு போர் தண்ணீர் ரேடியேட்டரை அரித்து ஓட்டை போட்டிருந்தது.

"கூலன்ட் ஊத்துங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் மனைவி. "இப்ப முடிச்சை யார் போடுறது?"

"ஏறும்மா. திட்னவரும் ஏறட்டும்," என்றார் அவர்.

காரை ஓரங்கட்டிவிட்டு ஏறினோம். முகூர்த்தத்துக்குள் போய்ச் சேர்ந்து மனைவி முடிச்சு போட்டாள். அவரையும் பந்தியில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

இப்போது பின்னால் ஹாரன் கேட்டால் முதலில் டெம்பரேச்சர் முள்ளைப் பார்க்கிறேன். அது சரியாக இருந்தால்தான் திட்டுகிறேன்.