காதை நம்பிய பேராசிரியர்

இயந்திரப் பொறியியல் துறையில் அவருக்கு 'ஸ்க்ரூடிரைவர்' என்று பெயர். வாட்ச்மேனிடம் அந்தப் பெயரைச் சொன்னால் போதும், மாடியைக் கைகாட்டுவார். ஓடுகிற இயந்திரத்தின் மேல் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பது பேராசிரியரின் வழக்கம். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது, எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது என்று புட்டுப் புட்டு வைப்பார். மீட்டர் ஒன்று சொல்லி அவர் காது வேறொன்று சொன்னால், மீட்டரைத்தான் கழற்றிப் பார்க்க வேண்டும்.

விரிவுரையாளராகச் சேர்ந்த புதிதில், தேர்வு அறையில் கத்தி உயிரை வாங்கிய மின்விசிறியை இப்படித்தான் சரிசெய்தார். அன்று பிடித்த பைத்தியம் பிறகு விடவே இல்லை. விசிறிகளின் வாயை அடைப்பதே அவருடைய ஆராய்ச்சி ஆனது. பாடம் நடத்தும்போதும் அவர் வாய் ஓயாது. சமீப காலமாக, யாராவது கேள்வி கேட்டால் அந்த பெஞ்சுக்கே நடந்துபோய்க் குனிந்து, "இப்ப சொல்லு" என்பார். சாருக்கு எவ்வளவு பொறுமை என்று மாணவர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

ஓய்வு பெறுவதற்கு முன் அவரிடம் கடைசியாக ஆய்வுக்குச் சேர்ந்தவள், தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு வந்தவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். குறைமாதக் குழந்தைகளை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குச் சத்தமில்லாத விசிறி செய்வதுதான் அவள் ஆய்வு. எல்லாம் கூடிவந்த நேரத்தில் ஒலி அளக்கும் மீட்டரில் ஊசி மாதிரி ஒரு கோடு எழுந்தது. மெல்லிய விசில் சத்தம் கேட்கிறது என்றாள் அவள். பேராசிரியர் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். கப்சிப்.

"விசிலும் இல்ல, ஒண்ணும் இல்ல. மைக்கை மாத்தும்மா."

மாற்றினாள். கோடு அசையவில்லை. மறுபடியும் மாற்றச் சொன்னார். ஆய்வேட்டில் விசில் இருக்கிறது என்று எழுதினால் அவர் கையெழுத்துப் போட மாட்டார். இல்லை என்று எழுதினால், வாய் திறந்து சொல்லத் தெரியாத சிசுக்களின் தலைமாட்டில் அது ஓயாமல் ஊதும். அவள் முகம் வாடியதைப் பேராசிரியர் பார்த்தார். பிள்ளைகளைக் கட்டி மேய்க்கிற களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையலறையின் புகைபோக்கி விசிறியைக் கழற்றினார். புது பேரிங் போட்டு, மாட்டி, ஓடவிட்டு, மனைவியைக் கூப்பிட்டார்.

"பாரு, ஓடுறதே தெரியல."

அந்த அம்மாள் இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னங்க, அது கீச்சுகீச்சுனு கத்துது. நிஜமாவே கேக்கலையா?"

அவர் விசிறியைப் பார்த்தார். மனைவியின் விரல்களைப் பார்த்தார். ஸ்டூலிலிருந்து இறங்கவே அவருக்கு நேரம் பிடித்தது.

காது டாக்டர் எடுத்த வரைபடத்தை யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயுள் முழுக்கப் படித்த கோடுகள்தானே. கீச்சென்ற ஒலிகளுக்கான பக்கம் இரண்டு காதிலும் சரிந்து கிடந்தது. இடது காது இன்னும் மோசம். தன் சொத்து அத்தனையும் அந்தக் காதுகள்தான் என்று இருந்தவருக்குத் துக்கமாக இருந்தது. ஆனால் வீடு திரும்பும் பாதி வழியில் அந்த ஊசிக்கோடு ஞாபகம் வந்தது. அப்போது வந்தது துக்கம் இல்லை, பயம்.

காதுக் கருவி பொருத்திக்கொண்ட மறுநாள் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ஆய்வு மாணவியையே விசிறியைப் போடச் சொன்னார். கேட்டது. மெல்லிசாக, விடாமல், பல்லைக் கூசவைக்கும் விசில். அணைக்கச் சொன்னார்.

"மைக் சரியாத்தாம்மா இருக்கு. என் காதுதான் பழுது. விசில் இருக்குன்னே எழுது, நான் கையெழுத்துப் போடறேன். அப்புறம் இறக்கையை மறுபடி வரையலாம்."

அவள் பெருமூச்சு விட்டாள். ஆனால் அவள் முகத்தில் ஆச்சரியம் இல்லை. அதைக் கவனித்த பிறகுதான் பேராசிரியருக்கு உறைத்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

அவள் தலை குனிந்துகொண்டாள்.

"ஒரு வருஷமா உங்க வலது பக்கமாத்தானே சார் நின்னு பேசறேன்."