ரைட்டர் பையிலிருந்த சர்க்கரையில்லா பிஸ்கட்

சர்க்கரை போடாமல் கேக் சுடுகிறவனை ஏற்காட்டில் யாரும் பேக்கரிக்காரன் என்று ஒப்புக்கொள்வதில்லை. மருந்துக் கடைக்காரனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பார்கள். வீட்டில் ஒரு சர்க்கரை நோயாளியை வைத்துக்கொண்டு, அவர் கண்ணில் படாமல் சமையல்கட்டில் நின்று லட்டு விழுங்குகிற அன்பர்களே, உங்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும். என்னை இதில் இழுத்துவிட்டது கொட்டச்சேட்டில் காப்பி எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த மாரிமுத்து அண்ணனின் கால். சர்க்கரைப் புண்ணால் ஒரு கட்டைவிரலை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. இன்னொரு விரல் போகக் கூடாது, மனுஷன் இனிப்புக்கு ஏங்கவும் கூடாது, ஏதாவது வழி உண்டா என்று அவர் மனைவி சரோஜாக்கா கேட்டார். உண்டு என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

நறநற

மைதாவுக்குப் பதில் பாதாம் மாவு, சர்க்கரைக்குப் பதில் எரித்ரிட்டால் என்று ஒரு வெள்ளைப் பொடி. அந்தப் பொடிக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. சூட்டில் கரைந்து சாதுவாக இருக்கும்; ஆறியதும் மறுபடி கல் கல்லாகக் கட்டிக்கொள்ளும். எங்கள் ஊர்க் குளிரில் கேட்கவே வேண்டாம். அடுப்பிலிருந்து எடுக்கும்போது பஞ்சாக இருந்த கேக்கை மறுநாள் காலை ரைட்டர் கடித்தார். சத்தம் எனக்கே கேட்டது.

துப்பிவிடுவார் என்று நினைத்தேன். மரியாதைக்கு மென்று விழுங்கி, ஒரு டம்ளர் தண்ணீரும் குடித்துவிட்டு, "ஏனுங்க பாய், மணலச் சலிச்சுட்டாவது போட்டிருக்கலாமுங்க" என்றார்.

இரண்டு குணங்கள்

அந்த அவமானம் தாங்காமல், சேலத்தில் ஒரு மொத்தக் கடையில் சொன்ன மால்டிட்டால் என்கிற வேறு பொடிக்கு மாறினேன். அச்சு அசல் சர்க்கரைதான். கல் கட்டவில்லை, நிறமும் நன்றாக வந்தது. அதற்கு இரண்டு குணங்கள் உண்டு என்று மட்டும் எனக்குத் தெரியாது. அளவு மிஞ்சினால் வயிற்றைக் கலக்கும். ரத்தத்தில் சர்க்கரையையும் ஏற்றும். முதல் குணத்தைக் கண்டுபிடித்தவர் ஈரோட்டிலிருந்து சுற்றுலா வந்த ஒருவர். சர்க்கரைதான் இல்லையே என்று ஒரு டப்பாவைக் காலி செய்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். அடுத்த முறை வந்தபோது, "இருவது வளைவுலயும் ஒதுங்கறதுக்கு எடம் எங்கெங்க இருக்குதுன்னு இப்ப எனக்கு மனப்பாடமுங்க" என்றார். நானும் அவரும் சேர்ந்து சிரித்தோம்.

இரண்டாவது குணத்தைக் கண்டுபிடித்தது சரோஜாக்கா. மூன்றே வாரத்தில் ரைட்டரின் கால் புண் மறுபடி நீர்விட ஆரம்பித்துவிட்டது. சண்டைக்கு வந்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மீதிக் கேக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, "சக்கரை இல்லைன்னு எழுதுனது நீங்க, ஏறுனது எங்க ஊட்டுக்காரருக்குங்க" என்றார்.

தேறிய சரக்கு

அன்றிலிருந்து விற்பதற்கு முன் சோதனை. எரித்ரிட்டாலை மிக்ஸியில் மாவாக அரைத்து, சிட்டிகை ஸ்டீவியா என்கிற இனிப்பு இலைத் தூள் சேர்த்து, கேக்கை விட்டுவிட்டு பிஸ்கட் போட்டேன். ரைட்டரைக் கடையிலேயே உட்காரவைத்து, தின்பதற்கு முன் ஒரு முறை, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை விரலில் குத்திக் கருவியில் சர்க்கரை பார்த்தோம். ஏறவேயில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற போகிறவர்களிடமெல்லாம் அந்தக் கருவியைக் காட்டினேன்.

அந்த வாரமே அக்கா தன் வீட்டிலிருந்த சர்க்கரை, வெல்லம் எல்லாவற்றையும் அக்கம்பக்கத்துக்கு அள்ளிக் கொடுத்துவிட்டார். ரைட்டரின் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு மிட்டாய் இருக்கும். இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவருக்குச் சில சமயம் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும்; அப்போது வாயில் போட டாக்டர் சொல்லி வைத்தது. அதையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் என் பிஸ்கட் நான்கை வைக்கச் சொன்னார். நானே பட்டர் பேப்பரில் சுற்றி, என் கையாலேயே பையில் வைத்தேன். ஏறாது என்று சோதித்துப் பார்த்தவன் நான்தான். ஏற வேண்டிய நேரத்திலும் அது ஏறாதே என்று எனக்குத் தோன்றவில்லை. ரைட்டர் பையைத் தட்டிக் காட்டி, "இனி எம் பையச் சோதிக்கறதுக்கு இவளுக்கு ஒண்ணுமே இல்லீங்க பாய்" என்றார்.

பக்கத்து சீட்டு

சேலத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். ரைட்டர் வழக்கம்போலக் காலை ஊசியைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல் அக்காவோடு பஸ் ஏறிவிட்டார். மலைப்பாதையில் ஒரு லாரி பழுதாகி மறித்ததில் பஸ் ஒன்றரை மணி நேரம் நகரவில்லை. அவருக்கு வேர்த்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. அக்கா சட்டைப்பையிலிருந்த என் பிஸ்கட்டை எடுத்து ஊட்டினார். ஒன்றில் சரியாகவில்லை என்று இரண்டாவது. பிறகு மீதி இரண்டும். அடிவாரம் வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கண் திறக்காமல் கிடந்து, போய்விட்டார். அந்தக் கால் மட்டும், புண் ஆறி, கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.

இதை எனக்கு வந்து சொன்னவர் அன்று பக்கத்து சீட்டில் மடியில் ஆரஞ்சுப் பையோடு உட்கார்ந்திருந்த கிளியூர் விவசாயி. "சுளைய உரிச்சு வாய்கிட்டயே கொண்டு போயிட்டனுங்க. அவருக்கு சக்கரை ஆகாதுங்க, நாந்தான் இனிப்பு குடுத்துட்டு இருக்கறனேன்னு அந்தம்மா எங்கையப் புடிச்சுத் தடுத்துட்டாங்க" என்றார்.

சரோஜாக்கா

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் காலை அக்கா கடைக்கு வந்தார். எனக்கு ஓடி ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அவருக்கு விளக்கிவிட்டார்கள் என்று முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. "தப்பு என்னுதுக்கா. செஞ்சவன் நான், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவர் அழவில்லை. கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த பிஸ்கட்டைப் பார்த்தபடி, "உங்க பிஸ்கட்டு நொம்ப நல்லா இருந்துச்சுங்க பாய். சக்கரை மாதிரியே இருந்துச்சு. அதனாலதானுங்க நானும் ஊட்டிக்கிட்டே இருந்தேன்" என்றார்.

இனாம்

கடையை நான் மூடவில்லை. ஆனால் இப்போது டப்பாவைக் கையில் கொடுக்கும் முன், வாங்குகிறவர் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறவரா என்று கேட்கிறேன். ஆமாம் என்றால் ஒரு பொட்டலம் அசல் சர்க்கரையும் சேர்த்துக் கொடுத்து, மயக்கம் வந்தால் இதைத்தான் போட வேண்டும், பிஸ்கட்டைத் தொடக் கூடாது என்று அவரையே திருப்பிச் சொல்லவைக்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. போன வாரம் ஒருவர் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு, "சக்கரை வேண்டாம்னுதானுங்க உங்க கடைக்கே வர்றோம், நீங்களே அதக் கையில குடுத்தா என்னங்க அர்த்தம்?" என்றார்.

சர்க்கரை போலவே இனிக்கிற ஒன்றைச் செய்ய ஒரே வருஷத்தில் கற்றுக்கொண்டேன், சர்க்கரையால் மட்டுமே ஆகிற காரியமும் ஒன்று உண்டு என்று தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஒரு மனுஷன் போக வேண்டியிருந்தது.